கிட் காருக்கு மாற்று சம்ப்: வாங்கும் முன் கார் காட்டும் அறிகுறியைப் பாருங்கள்

என் பணிமனைப் பரணில் மூன்று சம்ப்கள் கிடக்கின்றன; எஞ்சினின் அடியில் ஆயிலைத் தாங்கும் தொட்டிதான் சம்ப். மூன்றும் புத்தம் புதியவை. ஒன்றில்கூட ஒரு சொட்டு ஆயில் பட்டதில்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, சரக்குக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் செலுத்தி, காரை ஏற்றி நிறுத்தி அடியில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பொருந்தாது என்று அவற்றை வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்பும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, "இங்கேயே இருக்கட்டும், யாருக்காவது உதவும்" என்று சொல்லிப் போனார்கள். இன்றுவரை யாருக்கும் உதவவில்லை.

தொழிற்சாலையில் செய்த காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. சட்டக எண்ணைச் சொன்னால் ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடைக்காரர் பத்து நிமிடத்தில் எடுத்து நீட்டிவிடுவார். பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் காரில் எஞ்சின் ஒரு காரிலிருந்து வந்திருக்கும், கியர்பெட்டி இன்னொன்றிலிருந்து. சட்டகத்தை வேறொருவர் பற்றவைத்திருப்பார். 1957ல் லோட்டஸ் நிறுவனத்தின் செவன் என்ற சிறு கார் வந்ததிலிருந்தே இந்த இனத்துக் கார்கள் அப்படித்தான். 1973ல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் ஃபோர்டு, வாக்ஸ்ஹால், ரோவர் என எஞ்சின்கள் மாறிக்கொண்டே வந்தன. "செவனுக்கு ஒரு சம்ப் வேண்டும்" என்று கேட்பது, அளவு சொல்லாமல் தையற்காரரிடம் சட்டை கேட்பதற்குச் சமம்.

ஆகவே என்னிடம் யார் வந்தாலும் முதலில் கேட்பது, கார் என்ன செய்கிறது என்பதைத்தான். பாதிப் பேருக்குச் சம்ப்பை மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை. மாற்ற வேண்டியவர்களும், சம்ப்போடு சேர்த்து உறிஞ்சுகுழாயையும் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆயில் பம்பிலிருந்து சம்ப்பின் அடிவரை இறங்கும் குழாயும் அதன் முனையில் உள்ள சல்லடையும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்காகச் செய்யப்பட்டவை. சம்ப்பை மட்டும் மாற்றுவது, கிணற்றைத் தூர்வாரிவிட்டுப் பழைய கயிற்றையே இறக்குவதுபோல.

வளைவில் ஆயில் அழுத்தம் சரிகிறது, நேர்ச்சாலைக்கு வந்ததும் எழுந்துவிடுகிறது

இது நிஜமான சம்ப் கோளாறு. இதற்கு மட்டும் நான் அவசரப்படுத்துவேன்.

சிங்கப்பூர்ச் சாலையில் இது எளிதில் தெரியாது. தீவு விரைவுச்சாலையின் இறங்குவழி வளைவுகளில் எவ்வளவு முடுக்கினாலும், சம்ப்பில் ஆயில் ஒதுங்கும் அளவுக்கு நீண்ட நேரம் வளைவிலேயே இருக்க மாட்டீர்கள். அந்தக் காரையே மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடத்துக்கு ஓட்டிப் போங்கள். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். முதல் வளைவே வலப்புறமாக நீண்டு, போகப் போக இறுகும். கார் வலப்பக்கம் திரும்பத் திரும்ப ஆயில் முழுவதும் சம்ப்பின் இடச்சுவரில் ஏறி நிற்கும். சல்லடை நடுவில் இருந்தால் அது உறிஞ்சுவது காற்றைத்தான்.

எவ்வளவு தூரம் ஏறும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கழுவுதொட்டிக்கு மேல் 45 பாகைக்குச் சாயுங்கள். நல்ல டயர் போட்ட இலேசான கார், வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையை உண்டாக்கினால், ஆயிலின் மேற்பரப்பு சரியாக அந்தக் கோணத்தில்தான் சாய்ந்து நிற்கும். தாம்பாளத்தின் நடுப்பகுதி காய்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் வாதாடியதில்லை.

காற்றை உறிஞ்சினால் முதலில் அடிவாங்குவது பிக் எண்ட் பேரிங்குகள்; பிஸ்டனின் கனெக்டிங் ராட், எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பற்றும் இடத்தில் இருப்பவை. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் முடியைவிட மெல்லியது. அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஒரே நாளில் இருபது சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நொடி இப்படிப் பட்டினி போட்டால், மாலையில் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

தொழிற்சாலை பொருத்திய எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். அதை இயக்கும் அழுத்த விசை (சுவிட்ச்), அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவுக்கு இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் விளக்கை ஏற்றும். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும் எஞ்சினுக்கு அது இரங்கற்செய்தி. அழுத்தம் 20 பிஎஸ்ஐ அல்லது அதைவிடச் சற்று உயர்ந்த அளவுக்கு இறங்கும்போதே விளக்கை ஏற்றும் விசையைப் பொருத்தி, பெரிய சிவப்பு விளக்கு ஒன்றைக் கண்ணெதிரே வையுங்கள். முள்காட்டியைப் பார்க்க வளைவில் நேரம் இருக்காது.

இங்கே கிட் கார்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நிறுத்திச் சொல்ல வேண்டிய சங்கதி. உங்கள் எஞ்சின் முன்சக்கர இயக்கக் காரிலிருந்து வந்ததா? அந்தக் காரில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருந்தது. வளைவில் ஆயில் கிராங்க் ஷாஃப்டின் நீளவாக்கில் ஓடியது; பிரேக் பிடிக்கும்போது பக்கவாட்டில் ஓடியது. அந்தச் சம்ப்பின் தடுப்புத் தகடுகள் அந்தக் கணக்கில் வைக்கப்பட்டவை. அதே எஞ்சினைக் கிட் காரில் நீளவாக்கில் திருப்பி வைத்தால் கணக்கு தொண்ணூறு பாகை திரும்பிவிடுகிறது. தகடுகள் இருக்கும், தடுக்க வேண்டிய திசையில் இருக்காது.

என்னிடம் வந்த ஒரு கார் இப்படித்தான் இருந்தது. முன்சக்கர கொரோலாவிலிருந்து எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ, 1,587 சிசி. சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், மாமா என்றுதான் அழைப்பேன். "புது பம்ப் போட்டேன் தம்பி, கெட்டியான ஆயில் ஊற்றினேன், வலப்பக்க வளைவு என்றால் முள் படுத்துவிடுகிறது" என்றார். இடப்பக்க வளைவில் ஒன்றுமில்லையா என்று கேட்டேன். யோசித்து, "இல்லை" என்றார். பம்ப் கெட்டிருந்தால் அதற்கு இடம் வலம் தெரியாதே. சம்ப்பைக் கழற்றியபோது சல்லடை வலச்சுவரை ஒட்டி நின்றது. இதே எஞ்சின் பின்சக்கர இயக்கக் கொரோலாவில் நீளவாக்கில் வந்ததால், அந்த வகைச் சம்ப்பையும் குழாயையும் ஜோடியாகத் தேடுவதிலிருந்து வேலையைத் தொடங்கினோம். அவர் ஊற்றிய கெட்டி ஆயில் உதவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் தலைப்பகுதியிலிருந்து கீழே வடிய அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்; சம்ப்பில் இன்னும் குறைவாகவே இருக்கும்.

இந்த அறிகுறிக்குச் சம்ப் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, சல்லடையைச் சுற்றி ஒரு சிறு அறை இருக்கிறதா என்பது. நல்ல சம்ப்பில் அந்த அறையின் சுவர்களில் கீல் வைத்த சின்னக் கதவுகள் இருக்கும். ஆயில் உள்ளே வரும்போது திறக்கும், வெளியே போக முயன்றால் மூடிக்கொள்ளும். வாங்கியதும் ஒவ்வொரு கதவையும் விரலால் தள்ளிப் பாருங்கள். சல்லடைப் பக்கமாக மட்டுமே திறக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திய கதவு ஒன்றை நானே ஒரு புதிய சம்ப்பில் கண்டிருக்கிறேன்; ரிவெட்டைத் துளைத்து எடுத்து மாற்ற அரைமணி நேரம் ஆனது. தெரியாமல் பூட்டியிருந்தால் அந்தக் கதவு ஆயிலை அறைக்குள் வரவிடாமல் வெளியே நிறுத்தியிருக்கும்.

கிராங்க் ஷாஃப்டுக்கு அடியில் வரும் கிடைத்தகடும் பயனுள்ளது. சுழலும் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்காமல் அது காக்கும். ஆயில் சுவரேறி மேலே வராமலும் தடுக்கும். அழுத்தத்தோடு ஆயிலைச் சேமித்து, சரியும்போது திருப்பிக் கொடுக்கும் குப்பி ஒன்றை வெளியில் பொருத்துவோரும் உண்டு. உலர் சம்ப் முறையில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். பல அடுக்குப் பம்ப் அதைச் சம்ப்பிலிருந்து இழுத்துத் தொட்டியில் சேர்க்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை பந்தயத்தடத்துக்குப் போகிறவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தில் எஞ்சினையே புதுப்பித்துவிடலாம்.

புதுச் சம்ப் வரும்வரை? மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி ஓட்டலாம். பந்தயத்தடத்துக்கு மட்டும். வீடு திரும்பும் முன் வடித்துவிடுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேகத்தடையில் அடி தட்டுகிறது

பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதை முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் "டொங்" என்று ஒரு சத்தம். செவன் வகைக் காரில் பெரும்பாலும் தரைக்கு மிக அருகே இருப்பது சம்ப்தான்.

ஆயில் ஒழுகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அழுத்தித் தகட்டில் செய்த எஃகுச் சம்ப் உடையாது, உள்ளே குழியும். குழிந்த அடித்தகடு சல்லடையின் வாயை நெருங்கிவிட்டால் ஆயில் உள்ளே போக வழியில்லை. அப்போது அழுத்தம் குறைவது வளைவில் அல்ல, நேர்ச்சாலையில் அதிகச் சுழற்சியில். வார்ப்பு அலுமினியச் சம்ப்போ குழியாது. விரிசல் விடும், அல்லது ஓட்டை விழும். எது மேல் என்று கேட்டால், சிங்கப்பூருக்குள் மட்டும் ஓடும் காருக்கு எஃகையே சொல்வேன். குழிவைத் தட்டி நிமிர்த்தலாம். விரிசல் விட்ட அலுமினியத்தில் ஆயில் ஊறியிருக்கும்; அதைப் பற்றவைக்க நல்ல கைகாரர் வேண்டும்.

சல்லடைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். எட்டிப் பார்க்க முடியாத இடத்தை அளக்க ஒரு வழி: பிள்ளைகள் விளையாடும் செயற்கைக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டிச் சல்லடையின் வாயில் ஒட்டுங்கள். அதன் மேல் சமையலறை ஒட்டுப்படலம் ஒரு துண்டு வைத்தால் தகட்டில் ஒட்டாது. இடையில் வைக்கும் ஒழுகல் தடுப்புத் தாளான கேஸ்கட்டோடு சம்ப்பை ஏற்றி நான்கு மூலை போல்ட்டுகளை மட்டும் இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் நடுவே வெட்டினால் அதன் தடிமன்தான் இடைவெளி. கேஸ்கட் இல்லாமல் அளந்தால் கணக்குத் தப்பும். அளந்து முடித்ததும் களிமண்ணை ஒரு துணுக்கு விடாமல் எடுத்துவிடுங்கள்.

ஆழம் குறைந்த சம்ப் வாங்குவதானால், இழந்த கொள்ளளவை எங்காவது ஈடுகட்ட வேண்டும். இருபுறமும் இறக்கைபோல் விரிந்த சம்ப்கள் அதற்காகவே வருகின்றன. கொள்ளளவைக் குறைத்து ஆழத்தையும் குறைத்த சம்ப்பை வாங்கினால், தட்டும் சத்தம் நின்று, மேலே சொன்ன முதல் நோய் தொடங்கும். குழாயையும் அதற்கேற்பச் சுருக்க வேண்டியிருக்கும். விற்பவரிடம் "குழாயும் சேர்த்தா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எஞ்சின் உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்தும் இடிக்கிறது

சம்ப்பின் ஆழமான குழி முன்னால், நடுவில், பின்னால் என எஞ்சினுக்கும் காருக்கும் ஏற்ப வரும். குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் ரேக்கும் எங்கே ஓடுகின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கம் குழி இருக்க வேண்டும். பரணில் கிடக்கும் மூன்றில் இரண்டு இந்தத் தவறால் வந்தவை.

அட்டையில் வெட்டிப் பாருங்கள். பழைய சம்ப்பின் பக்கவாட்டு வடிவத்தை முதலில் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். விற்பவரிடம் புதியதன் அளவுகளைக் கேட்டு வாங்கி இன்னோர் அட்டை வெட்டுங்கள். சம்ப்பின் விளிம்பைத் தொட்டபடி அதைக் காருக்கடியில் பிடித்துப் பார்த்தால் எங்கே இடிக்கும் என்று நொடியில் தெரியும். சுற்றிலும் 10 மில்லிமீட்டராவது விடுங்கள், ஏனெனில் எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் ஆடும். ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள்.

சில எஞ்சின்களில் வார்ப்புச் சம்ப் கியர்பெட்டியோடும் போல்ட்டால் பிணைந்திருக்கும். எஞ்சினின் விறைப்பில் அதற்கும் பங்கு உண்டு. அத்தகைய எஞ்சினுக்கு மெல்லிய தகட்டுச் சம்ப் வாங்கினால் அந்தப் பிணைப்பு போய்விடும். இதை வாங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் கறை விழுந்து, பக்கத்துக் கார்க்காரர் முகம் சுளித்த பிறகு வருவார்கள். சம்ப் ஒழுகுகிறது என்பார்கள். ஆயில் கீழ்நோக்கி வழிவது. காரில் மிகத் தாழ்ந்த இடம் சம்ப். எங்கே ஒழுகினாலும் சொட்டுவது அங்கேதான். வால்வு மூடி, ஆயில் வடிகட்டி, அழுத்த விசை, கிராங்க் ஷாஃப்டின் பின்முனை ஆயில் சீல் என எதுவும் குற்றவாளியாக இருக்கலாம்.

எஞ்சினின் அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, உலரவிட்டு, குளித்த குழந்தைக்குப் பூசுவதுபோல் முகப்பவுடரைத் தூவுங்கள். கால்மணி நேரம் ஓடவிட்டு விளக்கடித்தால், ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று வெள்ளையில் பளிச்சென்று தெரியும்.

கோடு சம்ப் விளிம்பில் தொடங்கினால், கழற்றி ஒரு நேர்க்கோலை விளிம்பின் மேல் வையுங்கள். எஃகுச் சம்ப்பில் போல்ட் துளைகளைச் சுற்றி மேடு தட்டியிருக்கும். இறுக்கினால் ஒழுகாது என்று நினைத்து யாரோ முறுக்கியதன் விளைவு. ஒரு கட்டையின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் துளையைச் சுற்றித் தட்டிச் சமமாக்கினால் பழையதே போதும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் தாராளம். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சில அலுமினியச் சம்ப்களுக்குக் கேஸ்கட்டே கிடையாது, பசைதான். பசையை அளவாக இடுங்கள். உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து போய்ச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும்.

எல்லா மூட்டிலும் ஒரே நேரத்தில் ஒழுகினால் கிராங்க் அறையின் காற்றோட்டக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளழுத்தம் ஏறினால் எந்தச் சம்ப்பும் ஒழுகும்.

நெரிசலில் நிற்கும்போது விளக்கு மினுக்குகிறது

வெள்ளிக்கிழமை மாலை, மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலம். பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்கிறதா என்று சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள். ஆயில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு, ஐட்லிங்கில் விளக்கு மினுக்குகிறது. கொஞ்சம் முடுக்கினால் அணைகிறது.

இதற்குச் சம்ப் வாங்க வேண்டாம். சூட்டில் ஆயில் இளகிவிட்டது, அல்லது பேரிங்குகள் தேய்ந்துவிட்டன, அல்லது அழுத்தம் விடுவிக்கும் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது அளவுக்கருவியே பொய் சொல்கிறது. முதலில் வேறொரு அழுத்தக்காட்டியைப் பூட்டிச் சரிபாருங்கள். சூடான எஞ்சினில் ஆயிரம் சுழற்சிக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதற்கருகில் இருந்தால் கவலை வேண்டாம்.

புதுச் சம்ப் பூட்டிய பிறகு

உடனே எஞ்சினைக் கிளப்பிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள். பத்து நொடி சுழற்றி, சற்று ஓய்வு கொடுத்து, மறுபடி. முள் எழ வேண்டும். எழவே இல்லையென்றால் உறிஞ்சுகுழாய் பம்போடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் விடுபட்டிருக்கலாம், அல்லது குழாயில் வெடிப்பு இருக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பழைய டிப்ஸ்டிக் புதுச் சம்ப்புக்குப் பொய் சொல்லலாம். புதுச் சம்ப்பின் கொள்ளளவு இவ்வளவு என்று செய்தவர் சொன்ன அளவை அளந்து ஊற்றுங்கள்; வடிகட்டிக்கு ஆவதையும் சேர்த்து. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் எங்கே நிற்கிறதோ அங்கே அரத்தால் ஒரு கோடு போடுங்கள். பழைய சம்ப்புக்கு ஊற்றிய அளவையே ஊற்றினால் கொள்ளளவு குறைந்த சம்ப்பில் ஆயில் கிராங்க் ஷாஃப்டைத் தொடும். தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப் செய்தால் அழுத்தம் நிற்காது. பந்தயத்தடத்தில் ஊற்றிய அரை லிட்டரை வடிக்கச் சொன்னதும் இதனால்தான்.

வடித்த பழைய ஆயிலை அடைபட்ட கலனில் ஊற்றி, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். கால்வாயில் ஊற்றினால் அது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். பழைய சம்ப்பையும் குழாயையும் உடனே வீசிவிடாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஒழுகவில்லை, இடிக்கவில்லை, வளைவில் விளக்கு எரியவில்லை என்று உறுதியான பிறகு முடிவெடுக்கலாம். என்னிடம் மட்டும் கொண்டுவராதீர்கள், பரணில் இடமில்லை.